விற்றது குறைவு, லாபம் அதிகம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்பதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்தக் கதைக்கே நாலு பக்கம் வேண்டும், தனியாக எழுதுகிறேன்.

இப்போது உன் கேள்வி. ஃப்ரீபோர்ட் மெக்மொரான் என்ற அமெரிக்கத் தாமிரக் கம்பெனியின் 2025 மூன்றாம் காலாண்டு முடிவுகளைப் பார்த்துவிட்டு, "சுரங்கத்தில் அவ்வளவு பெரிய விபத்து, லாபம் மட்டும் எப்படி ஏறியது? கணக்கில் ஏதாவது விளையாட்டா?" என்று கேட்டிருந்தாய். விளையாட்டெல்லாம் இல்லை. லாபம் என்ற அந்த ஒரு வரியைப் பார்த்துத் தாமிரக் கம்பெனியை எடைபோட்டால் இப்படித்தான் குழம்பும்.

எண்களையே பார். 2024இல் இதே காலாண்டில் சுமார் 103.5 கோடி பவுண்டு (எடைக் கணக்கு) தாமிரம் விற்றார்கள், 2025இல் 97.7 கோடி. நிகர லாபமோ 52.6 கோடி டாலரிலிருந்து 67.4 கோடிக்குப் போயிருக்கிறது. காரணம் விலைதான். பவுண்டுக்குச் சராசரியாக 4.30 டாலர் கிடைத்த இடத்தில் 2025இல் 4.68. இந்த 38 சென்ட் மட்டுமே சுமார் 37 கோடி டாலர் கூடுதல் வருமானம். ஆனால் லாபம் கூடியது 15 கோடிகூட இல்லை. மிச்சத்தை விற்பனைக் குறைவு, வரி, கூட்டாளிக்குப் போகும் பங்கு என்று பலதும் தின்றுவிட்டன. (விபத்து நடந்த கிராஸ்பெர்க், இந்தோனேசியாவில் இவர்கள் நடத்தும் சுரங்கம். அதில் பாதிக்குச் சற்று மேல் அந்த நாட்டு அரசுக்குச் சொந்தம் என்பதை மறந்துவிடாதே. அங்கே வரும் லாபம் முழுவதும் ஃப்ரீபோர்ட் பங்குதாரருடையது அல்ல.)

அந்த 38 சென்ட்டில் கம்பெனியின் சாமர்த்தியம் எவ்வளவு? அதிகமில்லை. அமெரிக்காவில் வெட்டுவதை நியூயார்க் சந்தை விலையில் விற்கிறார்கள். இறக்குமதித் தாமிரத்துக்கு 50 சதவீத வரி வரப்போகிறது என்ற பேச்சில் 2025 ஜூலையில் அந்த விலை லண்டன் சந்தை விலையை விட்டு வெகுவாக மேலே போனது. மாதக் கடைசியில், சுத்திகரித்த தாமிரத்துக்கு வரி இல்லை என்று அறிவிப்பு வந்ததும் ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. சுரங்கத்தில் மண்வெட்டியைத் தொடாமலே லாபம் ஏறி இறங்குகிற தொழில் இது.

விபத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 8 அன்று கிராஸ்பெர்கில் சுமார் 8 லட்சம் டன் ஈரச் சேறும் கல்லும் சுரங்கத்துக்குள் புகுந்தன. ஏழு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அங்கே பழைய திறந்தவெளிக் குழிக்கு அடியில், பாறையைக் கீழிருந்து அறுத்து, அது தன் எடையாலேயே உடைந்து விழும்படி விட்டு அள்ளுகிறார்கள். மலிவான முறை. ஆனால் மேலே தண்ணீரும் மண்ணும் சேர்ந்தால் அது எந்த வழியாகக் கீழே வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏழு உயிரைப் பற்றிப் படித்த பிறகு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

காலாண்டு முடிந்தது செப்டம்பர் 30. அதாவது விபத்தின் பாதிப்பு மூன்று வாரம்தான் இந்தக் கணக்குக்குள் வந்திருக்கிறது. அடி விழப்போவது அடுத்த அறிக்கைகளில்தான். 2026 உற்பத்தி, முன்பு போட்ட மதிப்பீட்டைவிட 35 சதவீதம் வரை குறையலாம், பழைய நிலைக்குத் திரும்ப 2027 ஆகலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று பங்கு விலை சுமார் 17 சதவீதம் விழுந்தது. சந்தை அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை.

இதில் நீ கவனிக்க வேண்டியது செலவுக் கணக்கு. ஒரு பவுண்டுக்கு நிகரச் செலவு 1.40 டாலர் என்று போட்டிருக்கிறார்களே, அது கூடவே கிடைக்கும் தங்கம் முதலியவற்றை விற்ற பணத்தைக் கழித்த பிறகு வரும் எண். கிராஸ்பெர்க் தாதுவில் தங்கம் அவ்வளவு இருக்கிறது. அந்தச் சுரங்கம் நின்றால் மலிவான தாமிரம் போகிறது, செலவைக் குறைத்துக்கொண்டிருந்த தங்கமும் போகிறது. நின்ற சுரங்கத்துக்கும் சம்பளம், பராமரிப்பு என்று பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். அதற்கு அடுத்த காலாண்டுகளில் இந்த 1.40 எங்கே போய் நிற்கிறது என்று பார், லாபத்தை அப்புறம் பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் சுரங்கம் நின்றதும் ஒரு காரணமாக உலக விலை ஏறியது. 2025 அக்டோபர் கடைசியில் லண்டனில் டன் 11,000 டாலரைத் தாண்டியது. அதில் இவர்களுக்கும் கொஞ்சம் வரும், ஏனென்றால் தாதுவை முதலில் தற்காலிக விலைக்கு அனுப்பி, சில மாதம் கழித்துத்தான் கடைசி விலை முடிவாகும். ஆனால் பெரும் பலன், கையில் சரக்கு இருக்கிற போட்டிக் கம்பெனிகளுக்கு.

தொலைநோக்கில் தாமிரத்துக்குக் கேட்பு குறையும் என்று நான் நினைக்கவில்லை. பெட்ரோல் காருக்கு இருபது கிலோ சொச்சம் என்றால் மின்சாரக் காருக்கு எண்பது கிலோ அளவில் வேண்டும். புதுச் சுரங்கம் கண்டுபிடித்துத் தாது வெளியே வர பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பனாமா நாட்டில் ஓடிக்கொண்டிருந்த கோப்ரே பனாமா என்ற பெரிய தாமிரச் சுரங்கமே 2023இல் நீதிமன்றத் தீர்ப்பால் மூடப்பட்டது. தாது கிடைக்காமல் உருக்காலைகள் படுகிற பாட்டைக் கேள்: டன்னுக்கு அவர்கள் வாங்கும் தாதுவை உருக்கும் கூலி 2024இல் 80 டாலர், 2025இல் 21.25.

ஆனால் தாமிரத்துக்கு நல்ல காலம் என்பதும் இந்தக் கம்பெனிக்கு நல்ல காலம் என்பதும் ஒன்றல்ல. நானாக இருந்தால், கிராஸ்பெர்கில் சேற்றை அள்ளி முடித்து எந்தெந்தப் பகுதி மறுபடி ஓடுகிறது என்று தெரியும்வரை புதிதாக எதுவும் வாங்க மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பதை விற்கவும் அவசரப்பட மாட்டேன். உன் மைத்துனர் வேறு மாதிரி சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் எந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்