வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன தை மாதம் காரைக்குடி அருகே ஒரு பழைய வீடு வாங்கினேன். மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்தாயிற்று. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தவன், கொல்லையில் இருந்த செப்டிக் டேங்க்கை மட்டும் திறந்து பார்க்கவில்லை. பூட்டிக் கிடந்த வீடு, நாற்றமும் இல்லை.

ஐப்பசி மழையில் கழிப்பறைக்குள் தண்ணீர் எதிர்த்து வந்தது. மூடியை நெம்பினால், தொட்டியின் நடுச்சுவர் இடிந்து கிடக்கிறது. வெளியேறும் குழாயின் வாயில் சாக்குத் துணியைத் திணித்து மேலே சிமென்ட் பூசியிருந்தது. பூச்சு புதுசு!

விற்றவரோ, "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. ஆனால் அவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பது என் பாடு. சிமென்ட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சரி, புதுத் தொட்டிச் செலவைவிட வழக்குச் செலவு கூடினால்?

தொட்டி எங்கே இருக்கிறது, கடைசியாகக் கசடு எடுத்தது எப்போது என்று கிரயப் பத்திரத்தில் இரண்டு வரி எழுதி, விற்பவர் கையெழுத்திடுவதைப் பதிவுத்துறை கட்டாயமாக்கலாம். அதுவரை, வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சி கிணற்றுத் தண்ணீரைத் தொட்டு மூன்று வாரமாகிறது. அவர் திட்டுவது என்னைத்தான்.

– ஒரு வாசகர், காரைக்குடி