கூலி பேசாமல் வயலில் இறங்கியவர்களுக்கு

பிப்ரவரியில் என்னோடு நின்ற மிச்சிகன் தமிழ் நண்பர்களுக்கு, வணக்கம்.

2024 பிப்ரவரி 27 அன்று, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில், அதிபர் பைடனின் பெயரைத் தாண்டிப் போய் 'அன்கமிட்டட்' (யாருக்கும் உறுதி தரவில்லை) என்ற கட்டத்தை நிரப்பினோம். காஸாவில் போரை நிறுத்து, இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்து, பிறகு வந்து வாக்குக் கேள் என்பதுதான் அதன் பொருள். மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வாக்களித்தார்கள். 2016இல் டிரம்ப் இங்கே வென்ற வித்தியாசம் ஏறத்தாழ 10,700 வாக்குகள்தான். நம்மை ஒரு பொருட்டாக மதிக்க வைத்தது அந்தக் கணக்கு.

ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகினார். இரவு முடிவதற்குள் உங்களில் பலர் துணை அதிபர் கமலா ஹாரிஸுக்கு நன்கொடை அனுப்பிவிட்டதாக எழுதினீர்கள். ஒரே நாளில் எட்டுக் கோடி டாலருக்கு மேல் அவருக்குக் குவிந்தது. உங்கள் மகிழ்ச்சி எனக்குப் புரியாமல் இல்லை. 2020இல் அவர் மேடையில் 'சித்தி' என்று சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. சென்னையிலிருந்து வந்த ஷியாமளா கோபாலனின் மகள் அந்த இடத்தில் நிற்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் அந்த இரவில் மாறியது வேட்பாளரின் பெயர் மட்டுமே. ஆகஸ்ட் 13 அன்று அதே அரசு இஸ்ரேலுக்கு 2,000 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுத விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது. அதே வாரத்தில் காஸாவின் சாவு எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. டெட்ராய்ட் விமான நிலையக் கூட்டத்தில் காஸாவுக்காகக் குரல் எழுப்பியவர்களைப் பார்த்து, டிரம்ப் வெல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லுங்கள், இல்லையேல் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார் ஹாரிஸ். கூட்டம் ஆரவாரித்தது. ஆறு மாதங்களுக்கு முன்பு நாம் வீடு வீடாகப் போய்ச் சொன்னதைத்தான் அந்தப் பிள்ளைகளும் சொன்னார்கள்.

சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இஸ்ரேலியப் பிணைக்கைதி ஒருவரின் பெற்றோர் அங்கே பேசினார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தது முற்றிலும் சரி. ஜார்ஜியா சட்டமன்ற உறுப்பினர் ருவா ரோமனுக்குச் சில நிமிடங்கள் கொடுங்கள் என்றுதான் 'அன்கமிட்டட்' வாக்குகளால் மாநாட்டுக்குப் போன நம் பிரதிநிதிகளும் கேட்டார்கள். அவர் பாலஸ்தீன வம்சாவளியினர். அவர் எழுதி வைத்திருந்த உரை, ஹாரிஸை வெற்றிபெறச் செய்வோம் என்று கேட்டுக்கொண்ட உரை. அதற்கும் மறுத்துவிட்டார்கள். நம் பிரதிநிதிகள் அரங்கத்துக்கு வெளியே இரவு முழுவதும் தரையில் அமர்ந்திருந்தார்கள். அந்த இரவில் நம் குழுவில் பேசப்பட்டதெல்லாம் மேடை அலங்காரமும் மறுநாள் உரையும்தான். ஆகஸ்ட் 29 பேட்டியில் ஆயுதக் கொள்கையை மாற்றுவீர்களா என்று கேட்டதற்கு, இல்லை என்றார் ஹாரிஸ். 2017இல் செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டு மசோதாவை இணைந்து முன்மொழிந்தவர் அதையும் கைவிட்டார். யாரும் எதுவும் கேட்காதபோது வேட்பாளர் வலப்பக்கம் நகர்வதில் வியப்பில்லை.

அவருடைய தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அவருக்காகக் கோவிலில் பூசை நடந்த படங்களை ஆவலோடு பகிர்ந்தீர்கள். என் தாத்தா அந்தப் பக்கத்துக்காரர்தான், கூலி விவசாயி. அறுவடைக்கு முன் வரப்பில் நின்று கூலி பேசுவார்கள். படிக்கணக்கு முடிவாகாமல் ஒருவரும் வயலில் அரிவாள் வைக்க மாட்டார்கள். கதிர் முற்றி நிற்கும் அந்தச் சில நாட்களில்தான் பண்ணையார் காது கொடுப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தில்தான் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த மண்ணின் பெருமையைப் பேசுகிறவர்கள் அதையும் நினைக்க வேண்டாமா?

டிரம்ப் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். முஸ்லிம் நாட்டினருக்குத் தடை போட்டவர், தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றியவர் அவர். எனக்கும் அச்சம் உண்டு. அவருக்கு வாக்களியுங்கள் என்றோ வீட்டில் இருங்கள் என்றோ நான் சொல்லவில்லை. அந்த அச்சத்தைக் காட்டித்தான் நம் கோரிக்கையை விலையில்லாமல் வாங்கிக்கொண்டார்கள் என்கிறேன். தேர்தல் முடிந்த மறுநாள், நவம்பர் 6 காலையில் நம்மிடம் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இது 2024 செப்டம்பர் முதல் வாரம். மாதக் கடைசியில் தபால் வாக்குச்சீட்டுகள் வரத் தொடங்கும். அதுவரை நன்கொடையை நிறுத்தி வையுங்கள், தொண்டர் வேலைக்கு வருவதாகச் சொன்ன நாட்களைத் திரும்பப் பெறுங்கள். காரணத்தைப் பிரச்சார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஆயுதம் பற்றிய ஒரு வாக்குறுதி வந்தால் நானே உங்களோடு கதவு தட்ட வருகிறேன். ஞாயிறு மாலை என் வீட்டுக்கு வாருங்கள். பிப்ரவரியில் நாம் அழைத்த எண்களின் பட்டியல் என்னிடம் அப்படியே இருக்கிறது.