நாற்காலியிலிருந்து தொடங்கு

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்ததில் அவருக்கும் எனக்கும் ரொம்பச் சந்தோஷம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி எடுத்த படம் இருந்தால் அனுப்பு. இங்கே எல்லோரும் நலம். மதுரையில் வெயில்தான் கொஞ்சமும் இறங்கவில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, டாக்டர் 'நடங்கம்மா' என்று சொல்லி அனுப்பிவிட்டார், மாடிப்படி ஏறினாலே மூட்டு பிடிக்கிறது, இந்த வயசில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறாய். நீ நன்றாக இருக்க வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உன் பையன் போனில் போட்டுக் கொடுத்த பத்தாயிரம் அடிக் கணக்கை ஓரமாக வை. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் மூலம் பரவியது. எந்த மருத்துவரும் அளந்து பார்த்துச் சொன்னதல்ல. 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. சராசரி வயது 72. நாளுக்கு 2,700 அடி போல நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. உனக்கு இது நல்ல செய்திதானே. எட்டாத எண்ணைப் பார்த்து மலைத்து, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட வேண்டாம்.

நடையைவிட முக்கியமாக நான் சொல்ல நினைப்பது கால் பலம். நடங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், தொடையைப் பலப்படுத்துங்கள் என்று நம் வயசுப் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. தொடை தளர்ந்தால் பாரமெல்லாம் மூட்டில் இறங்கும். சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்வதும் தசைதான். அப்படியிருக்க அதைக் கவனிக்காமல் விடலாமா?

உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடு, நழுவக்கூடாது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். முன்பாதியில் உட்கார். இரண்டு பாதமும் இடுப்பு அகலத்துக்கு விலகி, குதிகால் தரையில் அழுந்தியிருக்கட்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழு. நேராக நில். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்கு. தொப்பென்று விழாதே, இறங்கும்போதுதான் தொடைக்கு உண்மையான வேலை. கை ஊன்றாமல் எழ முடியவில்லையா, நாற்காலிமேல் ஒரு தலையணையைப் போட்டு உயரமாக்கிக்கொள். முதல் வாரம் ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தால் போதும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

அதோடு சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, மார்பைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோய்த் தள்ளி வருவது. அப்புறம் பால் காயும்வரை அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஆரம்பத்துக்கு இவ்வளவுதான்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடை வலிக்கும். பழக்கமில்லாத தசை வேலை செய்தால் அப்படித்தான், இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும். ஆனால் மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினாலோ வீங்கினாலோ நிறுத்து. நெஞ்சை அடைத்தாலும் தலை சுற்றினாலும் உடனே உட்கார், டாக்டரிடம் போ. இதில் தைரியசாலியாக இருக்க வேண்டியதில்லை.

நடைக்கு உனக்கு மகாமகக் குளம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்டோவும் பஸ்ஸும் பெருகுமுன் காலையில் ஒரு கரை மட்டும் நடந்து திரும்பு, அடுத்த வாரம் இரண்டு கரை. கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது, அந்த வேகம் சரியான வேகம். ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்காராமல் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நட, சாப்பாட்டுக்குப்பின் ஏறும் சர்க்கரைக்கு அது நல்லது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உடலசைவும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் என்கிறது. அங்கே போய்ச் சேர மாதங்கள் ஆகட்டும், அவசரமில்லை. கொஞ்சம் செய்தாலும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

உன் அப்பா கண்டக்டராக இருந்தவர் என்பதால் இதையும் எழுதுகிறேன். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் காட்டிய பெரிய ஆய்வுகளில் அதுவும் ஒன்று. அந்த மோரிஸே 99 வயது வரை இருந்தார். கும்பகோணம் பஸ்ஸில் உன் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னும் பின்னும் போய் வருவாரே, அதை நினைத்துக்கொண்டேன்.

நான் போன ஆடியில் நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கினேன். இப்போது தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கோலம் போட்டுவிட்டு, கையை ஊன்றாமல் எழுகிறேன். எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை, அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை.

நீ பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா? சில மாத்திரைகளால் சட்டென்று எழும்போது தலை சுற்றும். ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவர் என்ன சொன்னார் என்று எழுது. மூட்டு வலி எந்தப் பக்கம், ஏறும்போதா இறங்கும்போதா என்பதையும் எழுது.

அன்புடன்,
கமலா