செயலாளரின் ஆண்டறிக்கை: டப்பாவுக்குள் விழுந்த தெப்பக்குளம்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் புகைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாளில் கண்காட்சி வைத்தோம். பொங்கலுக்குக் கிராமத்துப் பயணம் போனோம். படங்கள் வாட்ஸப் குழுவில் இருக்கின்றன.

ஊசித்துளைக் கேமரா பட்டறையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். "டப்பாவில் படம் எடுப்பது பள்ளிப் பிள்ளைகள் வேலை, இதற்குச் சங்கப் பணமா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். என் பதில் பதிவில் இருக்கட்டும்.

பால் பவுடர் டப்பாவின் உட்புறம் கறுப்பு பெயின்ட் அடிக்கிறோம். பக்கவாட்டில் ஓட்டை போட்டு, குளிர்பான கேனில் வெட்டிய தகட்டை அதன் மேல் ஒட்டுகிறோம். தகட்டில் ஊசியால் குத்திய துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை மூடித் திறக்க இன்சுலேஷன் டேப். உள்ளே, துளைக்கு எதிரே புகைப்படத் தாள். லென்ஸ் கிடையாது, எட்டிப் பார்க்க வியூஃபைண்டரும் கிடையாது. டப்பா எதைப் பார்க்கிறது என்பதை எடுப்பவர்தான் மனதுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பயிற்சியை எந்த விலையுயர்ந்த கேமராவும் நமக்குத் தருவதில்லை.

தாளுக்கு வேகம், அதாவது வெளிச்சத்தைப் பதிந்துகொள்ளும் திறன், மிகக் குறைவு. நல்ல வெயிலிலேயே ஒரு நிமிடம் போலத் திறந்து வைக்க வேண்டும். சாயங்காலம் என்றால் பல நிமிடங்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் ஒரு சாயங்காலம் டப்பாவை வைத்தோம். சிவப்பு விளக்கில் தாளைக் கழுவியபோது, எதிரே நடந்துபோன அத்தனை ஜனத்தில் ஒருவரும் இல்லை. மைய மண்டபம் இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். தாள் டப்பாவுக்குள் வளைந்து நிற்பதால் படிகள் வில்லாக வளைந்திருந்தன. தினமும் பார்க்கிற குளம்தான், ஆனால் அப்படி ஒரு குளத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இதை விளையாட்டு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஹம்பி விருபாட்சர் கோயிலில் ராஜகோபுரத்தின் நிழல் உள்சுவரில் தலைகீழாக விழுவதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சிறு துளை வழியே வரும் வெளிச்சம் எதிரே படமாக விழுகிறது; நம் டப்பாவுக்குள் நடப்பதும் அதேதான்.

பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பட்டறைக்கு வரவில்லை, ஒரு போன்கூட இல்லை. அவர்களுக்காக வெட்டிய தாள் வீணாயிற்று. தாளும் மருந்தும் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். செலவைப் பற்றிக் கேள்வி கேட்டவர்களில் சிலர் இன்னும் சந்தாவே கட்டவில்லை என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழ சரிக்குச் சரி. சிறு பற்றாக்குறையை உறுப்பினர் ஒருவர் கைப்பணத்தில் ஈடுகட்டியிருக்கிறார். விவரம் பொருளாளரிடம் உள்ளது.

கூட்டத்துக்கு இடம் தந்த மண்டபத்தாருக்கும், பொருளாளருக்கும், குளியலறையை இருட்டறையாக விட்டுக்கொடுத்த உறுப்பினரின் குடும்பத்தாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். யார் வந்தாலும் பட்டறையை நிறுத்தக் கூடாது என்பது ஒன்றே என் கோரிக்கை. 2001 முதல் ஏப்ரல் கடைசி ஞாயிறை உலக ஊசித்துளைப் புகைப்பட நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று நாயக்கர் மகால் பக்கம் எல்லோரும் சேர்ந்து எடுக்கலாம் என்று எண்ணம். தாள் வாங்க மார்ச்சுக்குள் பணம் வேண்டும். சந்தா பாக்கி வந்தாலே அதற்குப் போதும். காலி டப்பா இருப்பவர்கள் மூடியோடு எடுத்து வையுங்கள்.

செயலாளர்