ரத்தக் குளியல் எங்கிருந்து வந்தது?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ஹங்கேரிச் சீமாட்டி எலிசபெத் பாத்தோரி பற்றிய கட்டுரை படித்தேன். இளமை குன்றாதிருக்கக் கன்னிப்பெண்களின் ரத்தத்தில் குளித்தாள் என்பதை நடந்த செய்தியாகவே எழுதியிருக்கிறீர்கள். அவள் இறந்தது 1614இல். ரத்தக் குளியல் முதன்முதலாக அச்சேறியது 1729இல், ஒரு ஏசு சபைப் பாதிரியாரின் நூலில். நூறாண்டுக்கும் மேல் கழித்து முளைத்த கதை! அவள் பணிப்பெண்களை வதைத்துக் கொன்றதாக 1611இல் பதிவான சாட்சியங்களில் அடி, சூடு, பட்டினி எல்லாம் உண்டு. குளியல் மட்டும் இல்லை.

650 கொலைகள் என்ற எண்ணும் அப்படித்தான். பிறர் சொல்லக் கேட்டதாக ஒரு பணிப்பெண் கூறியது அது.

அவள் குற்றமற்றவள் என்று நான் வாதாடவில்லை. முந்நூறுக்கும் அதிகமான சாட்சிகள் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வேலைக்காரர்களை விசாரித்துக் கொன்றவர்கள், சீமாட்டியை நீதிமன்றத்தில் நிறுத்தவே இல்லை. அவளுடைய சாக்திட்சே கோட்டையிலேயே சாகும்வரை அடைத்துவைத்தார்கள். அன்றைய ஹங்கேரி மன்னர் மத்தியாஸ் அவள் குடும்பத்துக்குப் பெருங்கடன் பட்டிருந்தார் என்பதையும் கட்டுரையாளர் ஒரு வரி சேர்த்திருக்கலாம். படத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

– ஒரு வாசகர், திருச்சி