காலிறுதிக்கு முன் கலைக்கப்பட்ட ஹாக்கி அணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளுக்கு இடையேயான ஹாக்கிப் போட்டியில் எங்கள் கடற்கரைப் பகுதிக் கல்லூரி ஒன்றின் அணி லீக் சுற்றைக் கடந்து காலிறுதிக்குத் தகுதி பெற்ற செய்தியைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படித்து மிகவும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. காலிறுதிக்கான 18 பேர் பட்டியலில் 5 பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன என்றும், நீக்கப்பட்டவர்களில் லீக் ஆட்டங்கள் அனைத்திலும் கோல் காத்த மாணவரும், கோல் வட்டத்துக்குள் தவறு நேர்ந்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பான பெனால்டி கார்னரின்போது முதல் ஆளாகப் பாய்ந்து தடுக்கும் மாணவரும் இருக்கிறார்கள் என்றும் அறிந்தபோது, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் உச்சிப்புளிப் பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவ்விருவரும் பள்ளி நாள்களில் என்னிடம் மட்டை பிடிக்கக் கற்றவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாற்றத்துக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. காலிறுதி செயற்கை இழை மைதானத்தில் நடக்கவிருப்பதால், விளையாட்டு விடுதியில் பயின்றுவிட்டு இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு மாணவர்களுக்கு அந்தத் தரை பழக்கமானது என்பது முதல் காரணம். இதில் நியாயம் இருக்கிறது. நம் கரையில் பிள்ளைகள் ஆடுவது மணல் தரையில்; பந்து எங்கே நிற்கும், எங்கே எகிறும் என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே ஓட வேண்டிய தரை அது. நீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும் வேகத்துக்கு, மணலில் பழகிய கை முதல் சில நிமிடங்களாவது பிந்தத்தான் செய்யும். ஆகவே முன்களத்தில் மூன்று புதியவர்களைச் சேர்த்ததை நான் குறை கூற மாட்டேன். ஹாக்கியில் ஆள் மாற்ற எண்ணிக்கை வரம்பு கிடையாது. முன்கள வீரர் ஒருவரை ஐந்து நிமிடம் ஆடவிட்டுப் பார்த்து, சரிவரவில்லையென்றால் அழைத்துக்கொள்ளலாம்.

பெனால்டி கார்னர் அப்படிப்பட்டதல்ல. நடுவர் அதை வழங்கிவிட்டால், தடுக்கும் அணியின் கோல்கீப்பருக்குக் காயம் ஏற்படுவது போன்ற விலக்கு நீங்கலாக, அது முடியும்வரை ஆள் மாற்ற விதி இடம் தராது. கோல்கீப்பரும் வேறு நால்வரும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க, மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்டு, நிறுத்தப்பட்டு, டிராக் பிளிக்காக, அதாவது மட்டையால் இழுத்து வீசும் அடியாக, கோலை நோக்கிக் கிளம்ப ஓரிரு நொடிகளே ஆகும். முதலில் பாய்பவர் எந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு ஓடுகிறார் என்பதை வைத்துத்தான் கோல்கீப்பர் தாம் எந்தப் பக்கத்தைக் காப்பது என்று முடிவு செய்கிறார். நம் பிள்ளைகள் இருவரும் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கோல்கீப்பர் தம் இடது காலில் கட்டிய காப்பான ‘பேடை’ மட்டையால் இரண்டு முறை தட்டினால், மற்றவர் வலப்பக்கத்தை அடைத்து ஓடுவார். ஒரு தட்டு என்றால் நேரே பாய்வார். பள்ளியில் தொடங்கி ஏழு ஆண்டுகளாக வந்த பழக்கம் அது. அதை ஒரு வாரப் பயிற்சியில் புதிய இருவருக்குள் எப்படிக் கொண்டுவருவது?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரிட்டனுக்கு எதிரான ஹாக்கிக் காலிறுதியில் இந்தியத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகு, 40 நிமிடங்களுக்கும் மேலாகப் பத்துப் பேருடன் ஆடிய இந்திய அணி ஆட்டத்தை 1-1 என்று சமனில் முடித்து, வெற்றியைத் தீர்மானிக்கும் ஷூட் அவுட்டில் 4-2 என வென்றது. கோலுக்கு முன்னால் நின்றவர் ஸ்ரீஜேஷ். அவரும் தடுப்பாட்டக்காரர்களும் ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்கில் அறிந்தவர்கள். தடை காரணமாக ரோஹிதாஸ் அரையிறுதியில் ஆட முடியவில்லை. பெனால்டி கார்னரில் முதலில் பாய்பவர் அவர்தான். ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் விழுந்தது; ஆட்டம் 2-3 என்று கைவிட்டுப் போனது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு வழியின்றி இந்திய அணிக்கு நேர்ந்த அந்த இழப்பை, நம் கல்லூரி தானாகவே தேடிக்கொள்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவது காரணம் ஒழுங்கின்மை. அந்தக் கோல்கீப்பர் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பயிற்சிக்கு நான்கு முறை வரவில்லையாம். உண்மைதான், வரவில்லை. இராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போவதும், சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் கரைக்கு வருவதும் இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். திங்களும் புதனும் வகுப்பு இருப்பதால், சனிக்கிழமை மட்டும் அவர் தந்தையுடன் படகேறுகிறார். விடியும்வரை வலை இழுத்துவிட்டு, மீனைத் தரம் பிரித்துக் கரை சேர்த்துவிட்டு, ஞாயிறு மாலை தனியாக மைதானத்துக்கு வந்து சுவரில் பந்தடித்துத் தடுத்துப் பழகியதை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுதுவது பெரும் அநியாயம். கடற்கரைக் கிராமங்களிலிருந்து மாணவர்கள் வரும் கல்லூரியில், ஞாயிறு காலைப் பயிற்சியை மாலைக்கு மாற்றினால் எவருக்கும் நட்டமில்லை.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரி திரும்பக் கேட்ட கால் பேடுகளைக் கழுவித் திண்ணையில் காயவைத்திருந்தார்கள். அறுந்துபோன வார்களை அவருடைய தாயார் வலை நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார். பட்டையைவிடத் தையல்தான் உறுதியாக இருந்தது. “அடுத்து இதைக் கட்டுற தம்பிக்கு அளவு சரியா இருக்குமா சார்?” என்றுதான் அந்தத் தாய் என்னிடம் கேட்டார். ஒரு குறைச்சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

பட்டியலை இறுதியாக ஒப்படைக்க இன்னும் நான்கு நாள்கள் இருப்பதாக அறிகிறேன். முன்களத்தின் மூன்று புதியவர்களும் அப்படியே இருக்கட்டும். கோல்கீப்பரையும் அந்தத் தடுப்பாட்டக்காரரையும் மட்டும் மீண்டும் சேர்த்து, எஞ்சிய நாள்களில் ஒருமுறையாவது அணியைச் செயற்கை இழை மைதானத்துக்கு அழைத்துச் சென்று பெனால்டி கார்னர் பயிற்சி அளிக்குமாறு கல்லூரி நிர்வாகத்தையும் உடற்கல்வி இயக்குநரையும் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.