போய்த் திரும்புகிறவர்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பல நாட்கள் ஆகிவிட்டன. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அன்று மாலைதான் தேசிய அணிகளின் வீரர் பட்டியல் வெளியானது. அதன் பிறகு ஐந்து வாரம் என் பொழுது என் கையில் இல்லை.

நான் பயிற்சி கொடுக்கும் எங்கள் கால்பந்துக் கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு அழைப்பு. முதல் கோல்கீப்பர், இடது பின்கள வீரர், பிறகு போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அந்தப் பத்தொன்பது வயதுப் பையன். பட்டியல் வந்த நேரத்தில் அவன் எங்கள் இயன்முறை மருத்துவரான ஃபிசியோவின் மேசைமேல் குப்புறப் படுத்திருந்தான். பின்தொடை இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ கதவைத் திறந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எழுந்து உட்கார்ந்தான், துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான், தோள்கள் குலுங்கின. ஃபிசியோ அவன் கணுக்காலைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்த கையோடு என் நினைவுக்கு வந்தது அந்தப் பின்தொடைதான்.

நாட்டுக்காக ஆடுவது பெருமைதானே, இந்தக் கிளப்புகள் ஏன் இப்படிப் புலம்புகின்றன என்று நீ கேட்டிருந்தாய். பெருமைதான். பையனின் அழுகையைப் பார்த்த பிறகு அதைப் பற்றி எவரிடமும் வாதாட மாட்டேன். ஆனால் ஒரு வீரன் போகும் நாளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அவன் திரும்பி வரும் நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாளாக மனதில் வைத்திருந்தேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் சர்வதேச நாட்காட்டியில் குறித்திருக்கும் காலத்தில் தேசிய அணி கூப்பிட்டால் கிளப் வீரனை அனுப்பியே ஆக வேண்டும். அவன் அங்கே இருக்கும் நாட்களுக்கும் சம்பளம் கிளப்தான் கொடுக்கும். தேசியச் சங்கம் விடுவிக்காமல் அவனாகப் போகாமல் இருந்துவிட்டால், அந்தக் காலம் முழுவதும் கிளப்புக்கும் ஆட முடியாது. தடை மேலும் ஐந்து நாள் நீளும். 2017 ஜனவரியில் இங்கிலாந்துக் கிளப்பான லிவர்பூலின் ஜோயல் மட்டிப் இதில்தான் மாட்டிக்கொண்டார். கேமரூன் அணியிலிருந்து விலகி வெகுநாள் ஆகியும் ஆப்பிரிக்கக் கோப்பைக்கான ஆரம்பப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தில் கூட அவரை இறக்கக் கிளப்புக்குத் துணிவு வரவில்லை. ஃபிஃபா தெளிவுபடுத்திய பிறகுதான் களத்துக்கு வந்தார்.

மூன்று பேரும் போன மறுநாள் பயிற்சிக்கு வந்து பார்த்தால் களமே அகலமாகத் தெரிந்தது. ஏற்கெனவே நான்கு பேருக்குக் காயம். பதினோரு பேருக்குப் பதினோரு பேர் என்று இரண்டு பக்கம் நிறுத்த ஆள் இல்லை. இளையோர் அணியிலிருந்து மூன்று சிறுவர்களை வரவழைத்தோம். அவர்களுக்குக் கொடுத்த பயிற்சிச் சட்டை முழங்கால் வரை தொங்கியது. மூலை உதையின்போது யார் யாரை மறிக்க வேண்டும் என்று ஆறு மாதமாகப் பழக்கியிருந்த ஒழுங்கை ஒரே காலையில் மாற்றி எழுதினோம்.

இரண்டாவது கோல்கீப்பருக்கு முப்பத்தொரு வயது. மூன்று வருடமாகக் களத்துக்கு வெளியே உட்கார்ந்தே இருந்தவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கையுறையை ஈரப்படுத்தித் தயாராக வைப்பார். ஆட்டம் முடிந்ததும் கழுவிக் காயப்போடுவார். இந்த ஐந்து வாரத்தில் அவர் ஐந்து ஆட்டம் ஆடினார். இரண்டில் தோற்றோம், இரண்டு சமன், ஒன்றில் வென்றோம். வென்ற ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டியைத் தடுத்தார். அன்று உடைமாற்றும் அறையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். போன வாரம் முதல் கோல்கீப்பர் திரும்பி வந்ததும், எவரும் சொல்லாமலேயே, மூலையில் இருந்த தன் பழைய இடத்துக்குப் பையை நகர்த்திக்கொண்டார். அழைப்பு வந்தவனின் கதையை நாளிதழ்கள் எழுதுகின்றன. இவரைப் பற்றி நானாவது எழுத வேண்டாமா?

எங்களுக்கே இப்படி என்றால் பெரிய கிளப்புகளின் பாடு எப்படி இருக்கும் என்று பார். 2024-இல் ஆசியக் கோப்பை ஜனவரி 12-இல் தொடங்கியது. ஆப்பிரிக்கக் கோப்பை மறுநாள். ஐரோப்பிய லீக்குகள் பாதிப் பருவத்தில் இருக்கும் நேரம் அது. லிவர்பூலிலிருந்து சலா எகிப்துக்கும் எண்டோ ஜப்பானுக்கும் போனார்கள். கானாவுடன் நடந்த ஆட்டத்தில் சலாவுக்குப் பின்தொடைத் தசை பிடித்தது. சிகிச்சைக்காகக் கிளப்புக்கே திரும்பினார். பிப்ரவரி 17 அன்று ப்ரென்ட்ஃபோர்டுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி ஒரு கோலும் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த ஆட்டங்களில் மறுபடியும் அவர் வெளியே. லீக் கோப்பை இறுதியாட்டத்திலும் இல்லை. இந்த இரண்டாவது இடைவெளிதான் என்னை உறுத்துகிறது. முதல் காயத்தைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது.

எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும் என்றும் சொல்ல முடியாது. அதே பிப்ரவரியில் தென் கொரியா அரையிறுதியில் ஜோர்டானிடம் தோற்றது. விரலில் கட்டோடு அதன் வீரர் சன் ஹியுங்-மின் தன் கிளப்பான டாட்டன்ஹாமுக்குத் திரும்பினார். நான்கே நாளில் பிரைட்டனுக்கு எதிராக இரண்டாம் பாதியில் இறங்கி, கூடுதல் நேரத்தில் வெற்றி கோலுக்குப் பந்தைக் கொடுத்தார். இப்படி ஒன்று நடந்தால் போதும், எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது.

உடம்பை அளக்கக் கருவி இருக்கிறது. மனதுக்கு என்ன செய்வது? 2022 பிப்ரவரி 6 அன்று ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் செனகலுக்கு மானே, எகிப்துக்கு சலா. ஆட்டம் பெனால்டிக்குப் போனது. கோப்பையை வென்று கொடுத்த உதை மானேயுடையது. ஐந்தாவதாக உதைக்கக் காத்திருந்த சலாவுக்கு வாய்ப்பே வரவில்லை. இருவரும் ஒரே கிளப்பான லிவர்பூலின் உடைமாற்றும் அறைக்குத் திரும்ப வேண்டும். அடுத்த மாதமே உலகக் கோப்பைத் தகுதியாட்டத்தில் மறுபடி அதே இரண்டு நாடுகள், மறுபடி பெனால்டி, மறுபடி செனகல். அந்த முறை சலா உதைத்தது மேலே பறந்தது. பக்கத்து ஆணியில் சட்டையை மாட்டுகிறவனிடம் அந்த வாரம் என்ன பேசுவது? அந்த அறையில் அப்போது பணியாற்றியவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

வீரனை அனுப்பும் கிளப்புக்குக் கிடைக்கும் பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதன் பின்னால் ஒரு சின்னக் கிளப் இருக்கிறது. பெல்ஜியத்தின் ஷார்லெருவா. 2004 நவம்பரில் அவர்களுடைய நடுக்கள வீரர் அப்தெல்மஜித் உல்மெர்ஸ் மொராக்கோவுக்காக புர்கினா ஃபாசோவுடன் ஒரு நட்பாட்டத்தில் ஆடப்போய்ப் பலத்த காயத்தோடு திரும்பினார். பல மாதம் ஆட முடியவில்லை. நஷ்டத்துக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை. கிளப் ஃபிஃபாமீது வழக்குத் தொடுத்தது. ஜி-14 என்ற பெரிய கிளப்புகளின் கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டது. விஷயம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2008-இல் சமரசம் ஏற்பட்டு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு 2010 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா கிளப்புகளுக்கு 4 கோடி டாலர் பகிர்ந்தளித்தது. 2022-இல் அது 20.9 கோடி, 440 கிளப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு வீரனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,950 டாலர். 2026-க்கு 35.5 கோடி என்று அறிவித்திருக்கிறார்கள். 2012 முதல் காப்பீடும் உண்டு: தேசிய அணிக்கு ஆடும்போது காயம்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால் சம்பளத்தை ஒரு வரம்புவரை ஃபிஃபா ஏற்கும். சின்னக் கிளப்புக்கு இது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் காப்பீட்டுத் தொகை வந்து இடது பின்களத்தில் நிற்பதில்லையே.

இன்னும் எனக்குப் பயம் தருவது இளம் வயதுக்காரர்கள். 2020-21 பருவத்தில் ஸ்பெயினின் பெட்ரி தன் கிளப் பார்சலோனாவுக்கு 52 ஆட்டம் ஆடினான். அதோடு ஐரோப்பியக் கோப்பை, அது முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக்ஸ். மொத்தம் 73. வயது பதினெட்டு! அடுத்த பருவத்தில் தொடைக் காயத்தால் பெரும்பகுதி வெளியே இருந்தான். அதே கிளப்பின் காவி, 2023 நவம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிராக ஸ்பெயினுக்கு ஆடியபோது முழங்கால் தசைநார் கிழிந்து பதினோரு மாதம் களத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்துக்கு முன்பே ஸ்பெயின் ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டிருந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கூப்பிட்டாலும் அனுப்பக் கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. 2008-இல் மெஸ்ஸியை பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்று விளையாட்டு நடுவர் மன்றமே பார்சலோனாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த குவார்டியோலா, தீர்ப்பு கையில் இருந்தும் போய் ஆடிவிட்டு வா என்று விட்டுவிட்டார். 1992-இல் ஸ்பெயினுக்காக ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்கியவர் அவர். மெஸ்ஸியும் தங்கத்தோடு திரும்பினார். அந்தப் பருவத்தில் பார்சலோனா மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றது.

இனி நான் எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது நமக்கு இருபத்திரண்டு வயது, ஒரே அணியில் ஆடினோம். உனக்குத் தேசிய முகாமிலிருந்து அழைப்பு வந்து மூன்று வாரம் போயிருந்தாய். வியாழக்கிழமை இரவு திரும்பினாய். சனிக்கிழமை நமக்கு அரையிறுதி. நான் அணித் தலைவன். உன் அறைக்கு வந்து, பெட்டியைக் கூடத் திறக்காமல் நீ கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, "ஆட முடியுமா?" என்று கேட்டேன். "முடியும்" என்றாய். வலது முழங்காலை நீவிக்கொண்டேதான் சொன்னாய். நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் வந்துவிட்டேன். அறுபதாவது நிமிடம் நீ விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட நீ அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. இப்போது அதே முழங்காலில் கத்தி வைத்திருக்கிறார்கள். மன்னித்துவிடு என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

பையன் போன புதன்கிழமை வந்தான். அங்கே இரண்டு ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடங்கள் ஆடக் கிடைத்திருக்கிறது. தேசியச் சட்டையைத் துவைக்காமல் மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து எல்லோரிடமும் காட்டினான். முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. நீண்ட விமானப் பயணம், வேறு நேரம், வேறு தட்பவெப்பம், புதிய பயிற்சி முறை. ஃபிசியோ சோதித்துப் பார்த்தார். பெரிய குறை ஒன்றும் இல்லை, இறுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது என்றார். சனிக்கிழமை ஆட்டம் எங்களுக்கு மிக முக்கியமானது. தோற்றால் கடைசி மூன்று இடங்களுக்குள் விழுந்துவிடுவோம். தலைமைப் பயிற்சியாளர் என்னைப் பார்த்தார்.

முடியுமா என்று நான் அவனைக் கேட்கவில்லை. அந்த வயதில் யாரைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்வார்கள். பத்து நாள் ஆட்டம் கிடையாது, முதல் நான்கு நாள் களத்துப் பக்கமே வரக் கூடாது, வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று சொன்னேன். கோபத்தில் காலணியைச் சுவரில் எறிந்தான். நாடு கூப்பிட்டது, நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள் என்றான். பதில் சொல்லாமல் காலணியை எடுத்து அவன் பையில் வைத்தேன்.

சனிக்கிழமை தோற்றோம். ஒன்றுக்குப் பூஜ்யம். இரவு முழுக்க அந்த முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபடி அந்த நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

இன்று காலை அவன் மெதுவோட்டத்துக்கு வந்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஓடி முடித்ததும் ஃபிசியோவின் மேசையில் தானாகப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டான்.

உன் முழங்கால் எத்தனை பாகை வரை மடங்குகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. எங்கள் ஃபிசியோவிடம் உன்னைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் பயிற்சி எழுதித் தருவதாகச் சொன்னார்.

என்றும் உன்,
பழைய தலைவன்